பூதலப்பட்டிலிருந்து சந்திரகிரி வரை

ஒவ்வொரு மாதமும் பத்தொன்பதாம் தேதி சிட்டிபாபு குடிபாலாவுக்கு வந்துவிடுவான். சித்தூர் பஸ்ஸில் வந்து இறங்கி, மாந்தோப்பை ஒட்டிய மண் தடத்தில் நடந்து, தாட்சாயணி எடுத்துப் போடும் பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில் உட்காருவான். அவன் சாய்ந்து உட்கார்ந்து அவள் ஒருநாளும் பார்த்ததில்லை. டீ கொடுப்பாள். தெரியாதவர்கள் பார்த்தால் யாரோ ஒன்றுவிட்ட தம்பி அக்காவைப் பார்க்க வந்திருக்கிறான் என்று நினைப்பார்கள். தெரிந்தவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார்கள். அவளுடைய ஒரே மகள் ஹரிதாவை வண்டி ஏற்றிக் கொன்றவன் அவன்.

டீயைக் குடித்து முடித்ததும் தாட்சாயணி ஆரம்பிப்பாள்.

"சொல்லு சிட்டி."

"இன்னாக்கா, போன மாசம் சொன்னதுதான்."

"பரவால்ல. பூதலப்பட்டுலருந்து சொல்லு."

அவன் தரையைப் பார்த்துக்கொண்டே சொல்வான். சொல்லச் சொல்ல அவள் வாய்க்குள்ளேயே கூடச் சொல்லிக்கொண்டு வருவாள். ஒரு சொல் விட்டுப்போனால் எடுத்துக் கொடுப்பாள். வீட்டுக்குள் அவள் புருஷன் தனசேகர் டி.வி. சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொள்வான். மகள் பேச்சை எடுத்தாலே அவனுக்கு ஆகாது. ஹரிதாவின் துணிமணி, புஸ்தகம், ஆஸ்டல் பெட்டி எல்லாவற்றையும் பரண் மேல் ஏற்றி முன்னால் நெல் மூட்டை அடுக்கிவிட்டான். "அதையே இன்னாத்துக்குப் பேசிக்கினு கிடக்கற? எழுந்து வந்துடுவாளா?" என்பான். அதனால் தாட்சாயணிக்கு மகளைப் பற்றிப் பேச இந்த உலகத்தில் இருந்த ஒரே ஆள் சிட்டிபாபுதான்.

இரண்டாயிரத்து இருபத்திரண்டு ஜூன் பத்தொன்பதாம் தேதி அது. மாங்காய் சீசன். சித்தூரைச் சுற்றி இருக்கிற கூழ் ஃபேக்டரிகளுக்கு முன்னால் லோடு வண்டிகள் மைல் கணக்கில் வரிசை கட்டி நிற்கும். டோக்கன் வாங்கிக்கொண்டு இரண்டு நாள், மூன்று நாள் என்று டிரைவர்கள் ஸ்டீயரிங்கிலேயே தலையை வைத்துக் கிடப்பார்கள். வண்டி நகர்கிறபோது தூங்கிப்போனால் பின்னால் இருக்கிறவன் முந்திவிடுவான். அப்படி இரண்டு ராத்திரி முழித்துச் சரக்கை இறக்கிவிட்டுக் காலி வண்டியோடு திரும்பியவன் சிட்டிபாபு. குடிபாலா பஸ் ஸ்டாப் கிட்டே வரும்போது கண் அசந்துவிட்டது.

ஹரிதா திருப்பதியில் நர்சிங் இரண்டாம் வருஷம். ஞாயிறு லீவு முடிந்து ஆஸ்டலுக்குத் திரும்ப பஸ்ஸுக்கு நின்றாள். பக்கத்தில் தாட்சாயணி, கையில் முறுக்கு டப்பா. அதற்காக அன்றைக்கு விடிகாலை நாலு மணிக்கே எழுந்திருந்தாள்.

அவன் ஓடவில்லை. ஜனங்கள் கட்டையோடு வந்தபோதும் ஓடவில்லை. பெண்ணைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் ஏறினான். சித்தூரில் பார்த்துவிட்டு, தலையில் அடி, திருப்பதிக்குக் கொண்டுபோங்கள் என்றார்கள். ஆம்புலன்ஸில் தாட்சாயணியும் ஏறினாள், அவனும் ஏறினான். யாரும் அவனை யார் என்று கேட்கவில்லை. அண்ணன் என்று நினைத்திருப்பார்கள். பூதலப்பட்டு தாண்டும்போது மகளின் காதிலிருந்து ரத்தம் வழிவதைப் பார்த்த தாட்சாயணி மயங்கி விழுந்துவிட்டாள். கண் விழித்தபோது வண்டி சந்திரகிரியைத் தாண்டிக்கொண்டிருந்தது. ஹரிதாவுக்கு நினைவு போய்விட்டிருந்தது. திரும்ப வரவே இல்லை.

பூதலப்பட்டிலிருந்து சந்திரகிரி வரைக்கும் ஹரிதா பேசினாள். பெற்றவள் மயங்கிக் கிடந்தாள். கேட்டது அவன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் ஊரில் பேச்சு எழுந்தது. அவன் வீட்டைக் கொளுத்த வேண்டும் என்றார்கள் இளவட்டங்கள். பழைய சர்பஞ்ச் வரதராஜன்தான் அடக்கினார். "கோர்ட்டு அது பாட்டுக்கு நடக்கட்டும். நம்ம காணிப்பாக்கத்துல வச்சி முடிச்சிக்கலாம். அவன் வர்றானா பாரு. தப்பிக்கிறவனா இருந்தா அங்க வரமாட்டான்."

சித்தூர் ஜில்லாவில் அப்படித்தான். போலீஸ் ஸ்டேஷனில் கூசாமல் புளுகுகிறவன்கூட, காணிப்பாக்கம் பிள்ளையார் முன்னால் பிரமாணம் பண்ண வா என்றால் பாதி வழியிலேயே ஒத்துக்கொண்டுவிடுவான்.

சிட்டிபாபு வந்தான். குளத்தில் முங்கி எழுந்து, ஈரம் சொட்டச் சொட்டச் சன்னிதி முன்னால் நின்று சொன்னான்: "கண்ணு அசந்தது நான்தான். வண்டிய ஏத்துனது நான்தான். இத்த எந்த எடத்துலயும் இல்லன்னு சொல்லமாட்டேன்." பிறகு யாரும் கேட்காமலே தாட்சாயணியும் முங்கி வந்து நின்றாள். "இவன் மேல எனக்கு வஞ்சம் இல்ல. நடந்தத நடந்தபடிதான் பேசுவேன்" என்றாள். ஏன் அப்படிச் செய்தாள் என்று தனசேகர் இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறான். அவளுக்கே தெரியாது. கட்டை எடுத்து வந்தவர்களுக்கு நடுவே அவன் தன் மகளை மார்போடு அணைத்துத் தூக்கியதைப் பார்த்தவள் அவள்.

அன்றைக்கு அந்த ஈரத்தோடு குளத்துப் படிக்கட்டில் உட்கார்ந்துதான் அவன் முதல் தடவை சொன்னான்.

"தூரம் இன்னும் எவ்ளோ இருக்குதுன்னு கேட்டா அக்கா. பக்கத்துலதான்னு சொன்னேன். செருப்பு எங்கன்னு கேட்டா. இருக்குது, எடுத்து வச்சிருக்கறேன்னு சொன்னேன். அப்பறம் உங்கள எழுப்பலாம்னு கைய நீட்டனேன். வேணாண்ணா, அம்மாவ எழுப்பாதீங்க, காலைல நாலு மணிக்கு எழுந்தாங்க, தூங்கட்டும்னு சொல்லிச்சி."

அந்தக் கடைசி வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் தாட்சாயணி மூன்று வருஷத்தைத் தள்ளினாள். மகள் போகும்போது மயங்கிக் கிடந்தவள் அவள். அந்தப் பாவத்தை யாரும் மன்னிக்க முடியாது, மகளைத் தவிர. மகள் மன்னித்துவிட்டுத்தான் போயிருக்கிறாள். அதற்குச் சாட்சி சிட்டிபாபு.

காணிப்பாக்கத்தோடு விஷயம் முடிந்தது என்று இரண்டு பேரும் நம்பினார்கள். அதற்கேற்றாற்போல் இன்சூரன்ஸ் கேஸும் லோக் அதாலத்தில் ஒரே நாளில் ராஜியாகிவிட்டது. கையெழுத்து, போட்டோ, டீ, பிஸ்கட். ஆனால் கிரிமினல் கேஸ் என்று ஒன்று தனியாக உயிரோடு இருந்தது. முதல் வாய்தாவில் குற்றத்தை ஒப்புக்கொள்கிறாயா என்று கேட்டபோது, வக்கீல் முந்திக்கொண்டு இல்லை என்றுவிட்டார். தான் வாயைத் திறக்கவில்லை, அதனால் பிரமாணம் கெடவில்லை என்று சிட்டிபாபு தன்னைத் தேற்றிக்கொண்டான்.

மூன்று வருஷம் கழித்து சம்மன் வந்தது. ஹரிதா கேஸில் முதல் சாட்சி, தாட்சாயணி.

இதையும் லோக் அதாலத்தில் முடித்துவிடலாம் என்று இரண்டு பேரும் சேர்ந்தே போனார்கள். ஒரே பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். ரிட்டையர் ஆன ஜட்ஜ் ஒருவர் காகிதத்தைப் புரட்டிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"அம்மா, இது ராஜி ஆகிற செக்ஷன் இல்லம்மா."

"நாங்க ராஜி ஆயிட்டோம் சார். காணிப்பாக்கத்துலயே ஆயிட்டோம்."

"சந்தோஷம். ஆனா இதுல வாதி நீங்க இல்ல. சர்க்காரு. நீங்க சாட்சி."

"என் பொண்ணு சார்."

"அவுனம்மா. பொண்ணு உங்களுது. கேசு சர்க்காரோடது."

"அப்போ அந்த சர்க்கார இங்க வரச் சொல்லுங்க சார். எதுக்க உக்காந்து பேசிக்கறோம்."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். ஜட்ஜ் சிரிக்கவில்லை. காகிதத்தை மடித்து அவளிடமே திருப்பிக் கொடுத்தார்.

சிட்டிபாபுவின் வக்கீல் ஹரிபிரசாதுக்கு சித்தூரில் ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் ஆபீஸ். கெட்டவர் இல்லை. இரண்டு பேருக்கும் தண்ணீர் கொடுத்துவிட்டுத் தெலுங்கும் தமிழுமாகச் சொன்னார்.

"வினண்டி அம்மா. பஸ் ஸ்டாப்புல பாத்த டீக்கடைக்காரர் செத்துப்போனாரு. ஆம்புலன்ஸ் ஆளு எங்க இருக்கார்னே தெரியல. மிச்சம் நீங்க ஒருத்தர்தான். நீங்க நிஜம் சொன்னா இவன் உள்ள போவான். நீங்க இவன பாக்கலன்னா வெளிய வருவான். மூணாவது வழி கிடையாது."

"இவன்தான் ஏத்துனான், நான் மன்னிச்சிட்டேன்னு சொல்றேன் சார்."

"சொல்லுங்க. ஜட்ஜ் தலையாட்டுவாரு. முதல் பாதிய டைப் அடிப்பாங்க. ரெண்டாவது பாதிய எங்கம்மா அடிக்கறது? அதுக்கு எடமே கிடையாது."

"தப்ப ஒத்துக்கினு தண்டனைய கொறைச்சிக்கற வழி ஒண்ணு இருக்குதாமே?" என்று சிட்டிபாபு மெதுவாகக் கேட்டான்.

"இருக்குதுரா. பாதிக்கப்பட்டது ஆடமனிஷினா அது கிடையாது. பொம்பளைங்களுக்குப் பாதுகாப்பா இருக்கட்டும்னு எழுதி வச்சிருக்காங்க. அந்தப் பொண்ணு பையனா இருந்திருந்தா..." வக்கீல் நிறுத்திக்கொண்டார்.

பிறகு அவளுக்குச் சொல்லிக் கொடுத்தார். "பஸ்ஸுக்கு நின்னீங்க. பின்னால சத்தம் கேட்டுச்சி. மயக்கம். டிரைவர பாக்கல."

"ஆம்புலன்ஸ்ல?"

"நீங்களும் பொண்ணும் மட்டும்."

"அவகிட்ட பேசிக்கினு வந்தது?"

"யாரும் பேசல அம்மா. அங்க யாரும் இல்ல."

கீழே இறங்கி வந்து கரும்பு ஜூஸ் வண்டி நிழலில் நின்றார்கள். "அக்கா, நீ நெஜத்தையே சொல்லு. நான் உள்ள போறேன். நான் பண்ணதுதான?" என்றான் சிட்டிபாபு. குடிக்காத ஜூஸ் டம்ளரை வண்டி மேலேயே வைத்துவிட்டான். அவனுக்கு முப்பத்து நாலு வயசு. படுக்கையில் கிடக்கிற நைனா, ஸ்கூல் போகிற இரண்டு பிள்ளைகள். லைசென்ஸ் போனால் அவனுக்கு வேறு தொழிலும் தெரியாது.

அதற்கு முந்தின வாரம் அவன் பெண்டாட்டி பிரமிளா குடிபாலாவுக்கு வந்திருந்தாள். ஒன்றுமே கேட்கவில்லை. அழவும் இல்லை. பின்பக்கம் போய்க் கிடந்த பாத்திரத்தை எல்லாம் விளக்கிக் கவிழ்த்து வைத்துவிட்டு, "வர்றேன் வதினா" என்று அண்ணி முறை சொல்லிப் போய்விட்டாள். தாட்சாயணி அந்தப் பாத்திரங்களைப் பார்த்தபடியே ரொம்ப நேரம் நின்றாள்.

சாட்சி சொல்கிற நாள் அன்று தனசேகர் வரவில்லை. "நீ பண்ண பிரமாணம், நீயே போய் இன்னா பண்ணுவியோ பண்ணு" என்றுவிட்டான்.

கூண்டில் ஏறியதும், கடவுள் சாட்சியாக எல்லாம் நிஜமே சொல்வதாகப் பிரமாணம் செய்யச் சொன்னார்கள். தாட்சாயணி தெலுங்கில் சொன்னாள். தலைமுடியில் இருந்து தண்ணீர் வழிவதைப்போல இருந்தது. தொட்டுப் பார்த்தாள். காய்ந்துதான் இருந்தது.

சர்க்கார் வக்கீல் ஒரு நடுவயசு அம்மா. நல்லவிதமாகத்தான் கேட்டாள். என்ன நடந்தது? பஸ்ஸுக்கு நின்றோம். பிறகு? சத்தம் கேட்டது. ஓட்டியது யார்? பார்க்கவில்லை. அதோ நிற்கிறானே, அவனைத் தெரியுமா?

சிட்டிபாபு சுவரோரம் தலையைக் குனிந்து நின்றிருந்தான். போன மாதம் அவள் கொடுத்த மைசூர்பாக்கை, பிள்ளைகளுக்கு என்று சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனவன்.

"தெரியாது."

சர்க்கார் வக்கீல் அம்மா பெருமூச்சு விட்டாள். சாட்சி பிறழ்ந்துவிட்டது என்று ஜட்ஜிடம் சொல்லிவிட்டு, காணிப்பாக்கம் போய்வந்த வாரம் தாட்சாயணி போலீஸில் கொடுத்த வாக்குமூலத்தைக் கையில் எடுத்தாள். இது இருக்கும் என்று ஹரிபிரசாத் சொல்லியிருந்தார். எப்படி இருக்கும் என்று சொல்லவில்லை.

"இந்த ஆள்தான் வண்டியை ஓட்டினார் என்று போலீஸில் சொன்னீர்களா?"

"சொல்லல."

"இவரே உங்கள் மகளைத் தூக்கினார் என்று சொன்னீர்களா?"

"சொல்லல."

"ஆம்புலன்ஸில் இவர் உங்கள் மகளின் தலையை மடியில் வைத்துக்கொண்டு வந்தார் என்று சொன்னீர்களா?"

தாட்சாயணி வாயைத் திறந்தாள். டைப் அடிக்கிற பெண் விரலைத் தூக்கிக்கொண்டு காத்திருந்தாள்.

"செப்பண்டி அம்மா" என்றார் ஜட்ஜ்.

"சொல்லல."

"பூதலப்பட்டு தாண்டி நீங்கள் மயங்கிய பிறகு உங்கள் மகள் இவரிடம் பேசியதாக, இவரே சொல்லித் தெரிந்துகொண்டதாகச் சொன்னீர்களா?"

"சொல்லல. யாரும் பேசல. அங்க யாரும் இல்ல."

மூன்று வருஷமாக அவள் தினம் தினம் எடுத்துத் துடைத்து வைத்ததை ஒரு அந்நியப் பெண் ஒவ்வொன்றாக எடுத்து நீட்டினாள். அவள் ஒவ்வொன்றாக இல்லை என்றாள். கால் மணி நேரத்தில் முடிந்துவிட்டது. கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள்.

பத்து நாள் கழித்து சிட்டிபாபுவை விசாரிக்கிற வாய்தா. கூட இரு அக்கா என்று அவன்தான் கூப்பிட்டான். அவள் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். அவன் தலைகுனிந்து ஒரு வார்த்தையில் தெரியாது என்று முடித்துக்கொள்வான் என்று நினைத்திருந்தாள். அவன் நிமிர்ந்து நின்றான்.

"பொய்க் கேசு சார். அந்த டைம்ல நான் ஃபேக்டரி லைன்ல இருந்தேன் சார். டோக்கன் நம்பர் நூத்தி நாப்பத்தி ரெண்டு. எனக்கு முன்னாடி ஒரு தமிழ்நாடு வண்டி டயர் பஞ்சராயி நின்னுச்சி. நான்தான் ஜாக்கி குடுத்தேன். அந்த ஆளு எனக்குத் தண்ணி பாட்டில் குடுத்தாரு."

திக்கவில்லை. திணறவில்லை. ஜாக்கி, தண்ணீர் பாட்டில் எல்லாம் அவள் கண்ணெதிரில் தெரிந்தன. இப்படி ஒரு பஞ்சர் வண்டி நின்றிருந்தது என்று அவளே யாரிடமாவது சத்தியம் செய்வாள்போல இருந்தது.

கேஸ் விடுதலையானது. வாசலில் பிரமிளா அவள் காலைத் தொட்டாள். ஹரிபிரசாத் சிட்டிபாபுவின் தோளைத் தட்டி, "அப்பீல் டைம் முடியற வரைக்கும் அந்த வீட்டுப் பக்கம் போகாத, புரியுதா?" என்றார்.

இரண்டு பத்தொன்பதாம் தேதிகள் அவன் வரவில்லை. மூன்றாவதற்கு வந்தான். புதுச் சட்டை. தாட்சாயணி நாற்காலி போட்டாள், டீ வைத்தாள். உள்ளே தனசேகர் டி.வி. சத்தத்தைக் கூட்டினான்.

சிட்டிபாபு நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். அவள் அதைப் பார்ப்பதை அவனும் பார்த்தான். சட்டென்று நுனிக்கு நகர்ந்தான்.

"சொல்லு சிட்டி."

"பூதலப்பட்டு தாண்டுனதும் நீங்க சாஞ்சிட்டீங்க அக்கா. தூரம் இன்னும் எவ்ளோ இருக்குதுன்னு கேட்டா. பக்கத்துலதான்னேன். செருப்பு எங்கன்னு கேட்டா..."

இந்தத் தடவை அவள் கூடவே சொல்லவில்லை. அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். திக்காமல் வந்தது. ஒரு சொல்கூட விட்டுப்போகவில்லை. இவ்வளவு சரியாக, ஒவ்வொரு மாதமும்.

"...வேணாண்ணா, அம்மாவ எழுப்பாதீங்க, காலைல நாலு மணிக்கு எழுந்தாங்க..."

"நான் நாலு மணிக்கு எழுந்தது உனக்கு எப்டித் தெரியும்?"

"அது சொல்லிச்சிக்கா."

"காணிப்பாக்கத்துல அன்னிக்கு ஊரே பேசிக்கினு இருந்துச்சி. நாலு மணிக்கு எழுந்து முறுக்கு சுட்டாளே, துன்ன குடுத்து வைக்கலயேன்னு. நீயும் கேட்டிருப்ப."

அவன் டம்ளரைக் கீழே வைத்தான்.

"அக்கா, இன்னாக்கா சொல்ற?"

"நெஜமா சிட்டி? நெஜமாவே அப்டிச் சொன்னாளா?"

"சொல்லிச்சிக்கா. காணிப்பாக்கத்துப் புள்ளையார் மேல..."

அதற்கு மேல் அவனால் போக முடியவில்லை. அவளும் அவனைப் போகச் சொல்லவில்லை. எத்தனை கேட்டாலும் இனி அவன் எதன் மேல் ஆணையிட்டுச் சொல்வான், எதன் மேல் ஆணையிட்டு அவள் நம்புவாள்? மடியில் தலையை வைத்துக்கொண்டு வந்தவனே இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவள் அவள். மயங்கிக் கிடந்ததற்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று ஒரு நல்ல மனுஷன், ஈரத்தோடு படிக்கட்டில் உட்கார்ந்து கட்டிச் சொல்லியிருக்கலாம். அப்படிக் கட்டிச் சொல்லத் தெரிந்தவன்தான் அவன். இல்லை, அப்படியே நடந்தும் இருக்கலாம்.

"அழுதாளா? அம்மா அம்மான்னு கூப்ட்டாளா? நான் எழுந்திருக்கலன்னு..."

"இல்லக்கா."

"அப்டி இருந்தாலும் சொல்லிடு. பரவால்ல."

"இல்லக்கா, இல்ல" என்றான். கோர்ட்டில் சொன்ன அதே நிமிர்ந்த குரலா, வேறு குரலா என்று அவள் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை.

அவன் எழுந்து நின்றான். கைகூப்பலாமா என்று யோசித்து, கூப்பாமல், தடத்தில் இறங்கி நடந்தான். தாட்சாயணி டம்ளரை எடுத்தாள். பாதி டீ அப்படியே இருந்தது. உள்ளே டி.வி. சத்தம் குறைந்தது. "போயிட்டானா?" என்றான் தனசேகர்.

"யாரு?" என்றாள் அவள்.